தேசிக்காய் ஊறுகாய்ச் சாடி

கொழும்பு, கொட்டாஞ்சேனை. மார்கழி, வெள்ளி இரவு.

உலக யுத்தத்தால் கப்பலில் பியர் வருவதில்லை. மகன் வீட்டிலேயே காய்ச்சப் போகிறானாம். "அப்பா, எதுக்குள்ள ஊற வைக்கிறது? வாளி சரிவருமோ?" என்று காலையில் கேட்டான். என்னிடமும் கேட்கிறானே என்ற புளுகத்தில், மனம் குளிர்ந்து, "தகரம் கறள் பிடிக்கும், பித்தளை களிம்பேறும். பீங்கான் சாடிதான் நல்லது. பழைய மணம் ஒரு பொட்டும் இருக்கப்படாது, சாம்பல் போட்டுத் தேய்" என்றேன்.

பின்னேரம் வந்து பார்த்தால், செத்துப்போன என் மனுசி கடைசியாகப் பீங்கான் சாடியில் போட்ட தேசிக்காய் ஊறுகாய் குப்பைக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டாகத் தின்று நான் மிச்சம் பிடித்து வைத்திருந்தது.

"நீங்கள்தானே அப்பா சாடி எண்டு சொன்னனீங்கள்?" என்றான்.

"ஓம்" என்றேன்.

இப்போது சாடிக்குள் முகத்தை வைத்து மணந்து பார்த்தேன். சாம்பல் மணம் மட்டும்தான். நன்றாகத்தான் தேய்த்திருக்கிறான்.