உப்பளத்து முகத்துக்கு ஒரு களிம்பு

ஷார்ஜா
12.3.2006

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நீயும் உன் அம்மாவும் சுகமா? மரக்காணத்தில் உப்பு வார ஆரம்பித்திருப்பார்கள், தலையில் துணி கட்டாமல் இறங்காதே. நான் சுகம். இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணல். பயப்படாதே.

உப்பளத்தில் நின்று எடுத்து நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, கூடத் தங்கியிருக்கும் பிச்சைமுத்து, "ஏம்பா, உங்கம்மாவா?" என்றான். முப்பது வயசு உனக்கு! சோற்றுத் தட்டாலேயே அவன் வாயில் போட்டேன். முன்பல் இரண்டும் தெறித்தன. அவன் என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான், இரண்டு விரல் முறிந்தது. அப்படியும் விடாமல் அவன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினேன். நாலு பேர் வந்து பிரித்தார்கள். இவ்வளவுதான் விஷயம்.

கட்டுப் போட்ட டாக்டர் சண்டைக்குக் காரணம் கேட்டுவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வைட்டமின் ஏ-யிலிருந்து செய்ததாம். வெயிலில் கெட்ட தோலில் சுருக்கமும் கருந்திட்டும் மெல்லக் குறையுமாம், மாதக்கணக்கில் ஆகும். நம்மூர் ஏசுராஜ் லீவில் வருகிறான், கொடுப்பான். காலையில் பவுடர் மாதிரி பூசிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விடாதே, முகம் வெந்துவிடும். ராத்திரி பட்டாணி அளவு போதும். முதலில் தோல் உரியும், நிறுத்திவிடாதே. பிள்ளை உண்டானால் பூசக்கூடாதாம். நான் இங்கே இருக்கும்வரை நமக்கு அந்தக் கவலை இல்லை.

அவன் திரும்பும்போது கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. இன்னொரு போட்டோவும்.

ஏசுராஜ் கிளம்பிவிட்டான், முடிக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கவரைப் பிரித்ததும், உன் அம்மா போட்டோவை எதற்கு அனுப்பினாய் என்றுதான் நானும் நினைத்தேன். பிச்சைமுத்துவை அத்தனை அடி அடித்தது அதனால்தான்.

உன்
ராஜாங்கம்