வலப்பக்கம் தள்ளிப் போட்ட ஸ்டூல்

என் கண்ணு மகளுக்கு, நீ சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, இன்னமும் காலையில் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு அப்பாவுடையதைத் திருப்பி அலமாரியில் வைக்கிறேன். சித்தி துணைக்கு வந்து இருந்தாள், துணை என்று பெயர், அவளுக்குச் சமைத்தே என் இடுப்பு போயிற்று. உன் தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், முதலாளி சிடுமூஞ்சியாம். அவன் எங்கே போட்டாலும் முளைத்துக்கொள்வான், கவலை எல்லாம் உன்னைப் பற்றித்தான். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவைக் கொண்டுபோன விபத்திலேயே என் வலது கையும் போச்சு, இனிமே எதுக்கும்மா பியானோ, வித்துடு என்றாய். சரி என்று பழைய சாமான் வாங்குகிறவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அதற்குள் நான் வேலை பார்க்கும் அரங்கத்தில் ஒன்று நடந்தது. மேடையைப் பெருக்கும்போது பியானோ ஸ்டூல் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளிக் கிடந்தது. எவனோ போட்டது போட்டபடி போய்விட்டான் என்று திட்டிக்கொண்டே, உனக்குப் போடுகிற மாதிரி நடுவில் இழுத்துப் போட்டேன். பிறகு கீழே நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், வாசிப்பு கேட்டது. கனத்த சத்தமும் மெல்லிய சத்தமும் சேர்ந்து வந்தன, இரண்டு பேர் என்றே நினைத்தேன். திரும்பினால் ஒரே ஒரு சொட்டைத் தலைக்காரர், அதுவும் இடது கை மட்டும். வலது கை மடித்து வைத்த துண்டு மாதிரி மடியில் கிடந்தது. ஸ்டூல் மறுபடி வலப்பக்கம் போயிருந்தது.

ஏன் சார் என்று கேட்டேன். இடது கை வலது கோடிக் கட்டை வரைக்கும் எட்டணும்னா நான்தாம்மா தள்ளி உட்காரணும், நடுவுல போட்டீங்கன்னா என் இடுப்பு முறுக்கிக்கும் என்று சிரித்தார். கீழே ஒன்றைத் தட்டிவிட்டுக் காலால் மிதியை அழுத்தினால் சத்தம் அடங்காமல் நிற்குமாம், அதற்குள் கை மேலே ஓடிவிடுமாம். இடது கைக்கென்றே எழுதின பாட்டு நிறைய இருக்கிறதாம். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, உன்னைப் பற்றிச் சொன்னேன். சுலபம்னு சொல்லி ஏமாத்திடாதீங்கம்மா, கை போனப்புறம் நான் வருஷக்கணக்கா பியானோ மூடியையே திறக்கலை என்றார். அதனால் நானும் அவசரப்படுத்தவில்லை. அழுகிற வரைக்கும் அழு கண்ணு.

வீட்டுக்கு வந்ததும் உன் ஸ்டூலை வலப்பக்கம் தள்ளிப் போட்டேன். இடப்பக்கம் இருந்த அப்பா நாற்காலியையும் கூடவே நகர்த்தினேன். நீ தலையாட்டினால் தாள் புரட்ட உட்காருவாரே, ஒரு சுரக்குறி தெரியாமல், பெரிய வித்வான் தோரணையில். சாமான்காரரை இப்போது வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபிக்காதே. ஒரு தரம் வந்து உட்கார்ந்து பார். அப்புறமும் விற்கத்தான் வேண்டும் என்றால் நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி அனுப்பிவிடுகிறேன். வாசிப்பதாக இருந்தால் தாள் புரட்ட நான் இருக்கிறேன், எனக்கும் அது ஒன்றும் தெரியாது, நீ தலையாட்டினால் போதும்.

டாக்டர் கொடுத்த பந்தை மறக்காமல் அமுக்கு. என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு. இப்போதெல்லாம் பெருக்கும்போது ஸ்டூலை நகர்த்துவதில்லை, சுற்றிப் பெருக்குகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா