துவைக்காத சட்டை

ராஸ் அல் கைமா, அமீரகம்,
ஞாயிறு

நாகவள்ளிக்கு,

போனில் பேசினால் நடுவில் இருமல் வந்துவிடுகிறது. அதனால் லீவில் ஊருக்கு வரும் அருள்ராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் கேம்ப் சாப்பாட்டு ஹாலில் ஒரு படம் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களின் நிலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தோண்டியிருக்கிறார்கள். கம்பெனி போய்விட்டது, நுரையீரலை அரிக்கும் அதன் தூசி அங்கேயே கிடக்கிறது. அந்த ஊர் அம்மா ஒருவர் மூக்கில் குழாயோடு பேசினார். அவர் சுரங்கத்துக்குள் போனதே இல்லை. கணவரின் வேலைச் சட்டையை உதறித் துவைத்தது மட்டும்தான்.

"அண்ணே, நாம சைட்ல உடைக்கிற பழைய கூரை ஷீட்டும் இதானே?" என்றான் அருள்ராஜ். எட்டு வருஷமாக மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உடைக்கிறோம். ஒருத்தனும் சொல்லவில்லை.

போன லீவில் டியூட்டி முடித்த கையோடு நான் போட்டு வந்த நீலச் சட்டையை நீ துவைக்கவே இல்லை. "உங்க வாசம் போயிடும்" என்றாய். பாப்பா அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அதை உதறாதே. தண்ணீரில் நனைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆழமாகப் புதைத்துவிடு. பாப்பா அழுதால் அழட்டும்.

அதில் இருப்பது என் வாசம் இல்லை, வள்ளி.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா