வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

திரேஸ்புரம்,
18-8-1974

அன்புள்ள சந்தியாகு அண்ணாச்சிக்கு,

பங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தனராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நமது சிறுவர் நீதிமன்றம் இம்மாதம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை எடுத்திருக்கிறது. நாற்காலிகளை இனி வட்டமாகப் போட வேண்டும் என்பதே அது. ஒருவர் உயரத்தில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் மனம் சுருங்கிவிடும் என்று மதுரையிலிருந்து வந்த மனோதத்துவ நிபுணர் விளக்கினார். மேஜைக்குப் பூப்போட்ட விரிப்பு வந்தது. போலீஸ்காரர் பிச்சையா வேட்டி சட்டையில் வந்தார். மாஜிஸ்திரேட் அம்மாள் தாமே பிஸ்கட் தட்டை நீட்டினார். பயிற்சிக் கல்லூரியில் மனோதத்துவம் படித்தவன் என்ற முறையில் எனக்கும் எல்லாம் சரியாகவே பட்டது.

இந்த ஏற்பாட்டில் முதலில் உட்கார்ந்தவன் உங்கள் மகன் கஸ்பார். பதறாமல் படியுங்கள். துறைமுகச் சாலையில் லாரி மூட்டையிலிருந்து ஒழுகிய முந்திரிக்கொட்டையை அள்ளியதாக வழக்கு. வலையிலிருந்து மணலில் விழுகிற மீன் பிள்ளைகளுக்கு என்பது நம் கரை வழக்கம். தார்ச்சாலைக்கும் அதுவே செல்லும் என்று அவன் நினைத்துவிட்டான்.

அவன் அம்மாவுக்கு, மைனிக்குத் துணையாக நானும் உள்ளே இருந்தேன். கறுப்புக் கோட்டு இல்லை, காக்கி இல்லை, கையில் பிஸ்கட். ஏதோ கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பயல் முடிவு செய்திருக்கிறான். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

இதற்கு முன்னாலும் எடுத்ததுண்டா என்று நிபுணர் அன்பாகக் கேட்டார். "சின்னப் புள்ளையிலேருந்தே எடுக்கேன் சார். எனக்கு முன்னால ஒருத்தன் கை வச்சிர முடியுமா?" என்றான். கூட யாரும் வருவார்களா என்றதற்கு, "நாலு பயலுவ இருக்கானுவ. நா சொன்னாத்தான் கேப்பானுவ" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். பயம் இல்லையா என்றார். "எதுக்கு சார் பயம்? ராத்திரியும் வருவேன்" என்றான். மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

குற்ற உணர்வு இல்லை, தலைமைப் பண்பு உண்டு, எனவே சூழலிலிருந்து பிரிக்க வேண்டும் என்று நிபுணர் எழுதினார். வடக்கே சீர்திருத்தப் பள்ளியில் மூன்று வருஷம் என்று உத்தரவாயிற்று. தலைமைப் பண்பு வேண்டும் என்றுதான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் சாரணர் படை நடத்துகிறோம். யோசித்துப் பார்த்தேன், எங்கே தவறியது என்று விளங்கவில்லை.

வெளியே வந்ததும் கஸ்பார், "யம்மா, வேல கெடச்சிட்டு. என்னைக்கு வரச் சொன்னாவ?" என்று கேட்டான். மைனி என்னைப் பார்த்தார். நான் பிச்சையாவைப் பார்த்தேன். அவர், "ஏலே, மொதல்ல பிஸ்கட்டத் தின்னுல" என்றார்.

தகப்பனார் நேரில் வந்து பொறுப்பேற்றால் பையனை வீட்டுக்கு அனுப்பலாம் என்று உத்தரவின் அடியில் ஒரு வரி இருக்கிறது. இம்மாதக் கடைசி வரைதான் தவணை. தோணி ரிப்பேர் முடியட்டும் என்று கொச்சியில் காத்திருக்க வேண்டாம். முதலாளி முகத்தைச் சுளித்தாலும் புறப்பட்டு வந்துவிடுங்கள். பனிமய மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அ. தனராஜ்

பி.கு.: கொட்டை பொறுக்கி விற்றுக் கஸ்பார் கொண்டுவந்த வரும்படி நின்றதால், உங்கள் இளைய மகள் பிரகாசி திங்கட்கிழமையிலிருந்து இறால் கம்பெனிக்கு உரிக்கப் போகிறாள். ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தாயிற்று.