பெட்டிக்குள் வேர் பிடித்தது

3 பிப்ரவரி

அன்புள்ள அத்தைக்கு,

போனில் பேசினால் "ஆங், ஆங்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். பாதிகூட உங்கள் காதில் விழவில்லை என்று நாத்தனார் சொல்லித்தான் தெரிகிறது. அதனால் இனி எழுதிவிடுகிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது? மகள் வீட்டு மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

எனக்கு இங்கே ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கொட்டகையில் கிடந்த ஓட்டைக் கெட்டிலைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று எடுத்தேன். மூடி துருவில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. தட்டிக் கழற்றி உள்ளே பார்த்தபோது, ஒரு செடி வைக்கலாமே என்று தோன்றியது. உதிர்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, அடியில் ஆணியால் துளை போட்டேன். சரளை, கரித்துண்டு, மண், மேலே பாசி. கட்டைவிரல் உயரத்தில் கொழுத்த இலைச் செடிகள். கம்பியை வளைத்து ஒரு குட்டி நாற்காலிகூடச் செய்து வைத்தேன்.

வேலை பார்க்கும் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதை இங்கயே வைம்மா. பல்லு புடுங்க வர்றவங்க இதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டும்" என்றார். டோக்கன் கொடுக்கும் என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் இருக்கிறது. ஒரு பெரியவர் அந்த நாற்காலியைக் காட்டி, "அங்க உக்கார டோக்கன் வேணாமா?" என்று கேட்டார்.

பிறகு சைக்கிள் விளக்கு, தராசுத் தட்டு என்று வரிசையாகச் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறதே என்று பயந்த காலம் போய், இப்போது கை ஒழியவில்லை.

உங்கள் மருமகள்


19 பிப்ரவரி

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்த வாயை மூடுவதற்குள் உன் நாத்தனார் ஒன்று சொன்னாள். அந்தப் பக்கம் வந்தவள் உன் டாக்டரம்மா கிளினிக்கில் எட்டிப் பார்த்தாளாம். நீ சாப்பிடப் போயிருந்தாயாம். ஜன்னலில் என் பிள்ளையின் டூல்ஸ் பெட்டி இருக்கிறது, அதற்குள் செடி முளைத்திருக்கிறது என்றாள். நான் நம்பவில்லை. "தொட்டே பாத்தேம்மா. அண்ணன் மூடியில கீறி வெச்ச கோடுகூட அப்படியே இருக்கு" என்கிறாள்.

கெட்டில் என்று எழுதினாய், விளக்கு என்று எழுதினாய். பெட்டியை மட்டும் ஏன் விட்டாய்?

அவன் குழாய் வேலைக்குப் போன புதிதில் ஆசையாக வாங்கின பெட்டி அது. அதை வைத்துவிட்டுப் போனவன் ஒருநாள் அதற்காகவாவது வருவான் என்ற நினைப்பில்தான் இந்த நாலு வருஷமும் என் தொண்டையில் சாப்பாடு இறங்கியது. அதில் துளை போட உனக்கு எப்படிக் கை வந்தது? நாளைக்கே அவன் வந்து, "என் பெட்டி எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வாய்?

உன் அத்தை


27 பிப்ரவரி

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்குப் பயந்துதான் எழுதவில்லை.

கொட்டகை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் நின்றிருந்தது. ரெஞ்சும் பிளையரும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. அவற்றை எறிந்துவிடவில்லை. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பெட்டியின் அடியைத் துருவே அரித்துத் துளைத்திருந்தது. அதில் ஒன்றை நான் பெரிதாக்கினேன், அவ்வளவுதான்.

பெட்டி இருக்கிறதே, வருவார் என்று நானும்தான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பின குழாய்க்காரர் பெட்டியை எடுக்காமல் போனார் என்றால், வேலைக்கா போனார்?

முதல் வருஷம் நான் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. பிணவறை வாசலில் இருந்தவருக்கு என் முகம் பழகிப்போய்விட்டது. தூரத்தில் வரும்போதே, "இன்னைக்கு யாரும் இல்லம்மா, வீட்டுக்குப் போ" என்பார். அதைக் கேட்டு நிம்மதியாகத் திரும்புவேன். அந்த மாதிரி நிம்மதியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது, அத்தை? செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒரு இலை விடுகிறது. இப்போதைக்கு எனக்கு அது போதும்.

கோபம் தீர்ந்ததும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


8 ஏப்ரல்

அன்பு மருமகளுக்கு,

இத்தனை நாள் கோபத்தில் எழுதாமல் இருந்தேன். இப்போது அவசரமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அவன் வந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நின்றார்கள். பழைய பேப்பர்காரர் என்று நினைத்து, "ஒண்ணும் இல்லப்பா, போயிட்டு வா" என்றேன். அந்த ஆள் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. வாய் அசைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. "அம்மா" என்றான்.

பாதி ஆளாகியிருக்கிறான். ஏதோ ஓட்டலில் பாத்திரம் தேய்த்தானாம், பிறகு லாரியில் கிளீனராம். ஏன்டா போனாய் என்று கேட்டதற்கு, "தெரியலம்மா. அன்னைக்குக் காலையில அந்தப் பெட்டியைத் தூக்க முடியல" என்றான்.

அந்தப் பெட்டியில் நீ செடி வைத்திருப்பதைச் சொன்னேன். சிரிக்கிறான் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தான். வீட்டுக்கு வரலாமா என்று உன்னைக் கேட்கச் சொல்கிறான்.

நடந்ததை மறந்துவிடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் அவன் உன் புருஷன். கதவைத் திற, கண்ணு. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன் அத்தை


15 ஏப்ரல்

அன்புள்ள அத்தைக்கு,

அவர் உயிரோடு இருக்கிறார் என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் சந்தோஷப்பட்டேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

பெட்டியைத் தூக்க முடியவில்லை என்றது எனக்குப் புரிகிறது. அன்றைக்கே "முடியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே தூக்கியிருப்பேன். ஆனால் நாலு வருஷத்தில் ஒரு போன்கூடவா செய்ய முடியவில்லை?

என்னால் கதவைத் திறக்க முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. அவர் இங்கே வந்துவிட்டால், காலையில் கண் திறக்காமலே பக்கத்துப் படுக்கையைத் தடவிப் பார்ப்பேன். கடைக்குப் போனவர் வரக் கொஞ்சம் தாமதமானால் என் மனசு நேரே அந்தப் பிணவறை வாசலுக்குப் போய் நிற்கும். இன்னொரு தடவை அது என்னால் ஆகாது, அத்தை.

மனசுக்குப் பார்க்கிற நல்ல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் கருவிகளைப் பிரித்துத் தேய்த்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெட்டி இங்கேயே இருக்கட்டும், செடி நன்றாக வேர் பிடித்துவிட்டது.

நீங்கள் மட்டும் வாருங்கள். முன்னறை உங்களுக்குத்தான்.

உங்கள் மருமகள்


2 மே

அன்பு மகளுக்கு,

பார்சல் வந்தது. ரெஞ்சைத் திருகிப் பார்த்தான், திரும்பியது. பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, போய்ப் பாரேன் என்றேன். பார்க்கலாம் என்றான்.

உன் கடிதத்தை அவனுக்குக் காட்டவில்லை. "வர வேணாம்னுட்டாளா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு, "நானே போய்ப் பேசிப் பாக்கறேம்மா" என்று கிளம்பினான். நான் வாசலில் குறுக்கே நின்றேன். "அது அவ வீடு. அவ கூப்பிடாம நீ போகக்கூடாது" என்றேன். வாசலில் வந்து நிற்க மாட்டானா என்று கிடந்தவள், அதே பிள்ளையை வாசலில் மறித்தேன். என்னை ஒதுக்கிவிட்டுப் போக அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? போகவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டாக்டரிடம் காட்டுகிறோம். நான் கொடுத்தால்தான் மாத்திரையை விழுங்குகிறான். அடுத்த அறைக்குப் போனாலும் எழுந்து வந்து பார்க்கிறான். இவனை விட்டுவிட்டு நான் எப்படி வருவேன்? வர ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே.

ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம். தபால்காரர் கூப்பிடுவது எனக்குக் கேட்பதில்லை, அவனுக்குத்தான் கேட்கிறது. போன கடிதத்தை அவன்தான் வாங்கி வந்தான். கவர்மேல் உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகுதான் என்னிடம் கொடுத்தான். அன்றைக்கு முழுக்க ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

எழுதலாம் என்று ஆகும்போது நானே சொல்லி அனுப்புகிறேன். சொல்லாமலே என் காலம் போய்விட்டாலும், நீ நன்றாக இரு.

உன் அத்தை