இன்னொரு சுற்று

அன்புள்ள அம்மாவுக்கு, ஃபின்டன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா?

சனிக்கிழமை இங்கே ஷெஃபீல்டில் என் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை. ஜெயித்துவிட்டேன். ஒரு கூத்து சொல்கிறேன், சிரிக்காதே. நம் கிளப்பில் மூன்றே சுற்றுதானே? அந்தப் பழக்கத்தில், மூன்றாவது சுற்று முடிந்த மணி அடித்ததும் எதிர் மூலைக்குப் போய் எதிராளியின் பயிற்சியாளருக்குக் கை கொடுத்துவிட்டேன். அரங்கமே சிரித்தது. என்னோடு மோதிய டெரெக், நாற்பதைத் தொடுகிறவர், தோளில் தட்டினார்: "தம்பி, இது நாலு ரவுண்டுடா. அதுக்குள்ள என்னை வீட்டுக்கு அனுப்புறியே!"

நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம் ஊர் டிரோடாவில் நீ பார்க்கப் பயந்து வெளியிலேயே நின்று, அந்த மணி கேட்ட பிறகுதானே உள்ளே வருவாய்?

நம் ஊர்த் தேயிலை இரண்டு பொட்டலம் அனுப்பு. கம்பளிக் காலுறையும் வேண்டும். கோச் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

நீ இங்கே வந்தால் மூன்றாவது மணிக்கே உள்ளே வந்துவிடாதே, அம்மா. அடியெல்லாம் நாலாவது சுற்றில்தான் விழுகிறது.

உன் ஃபின்டன்