ஏழு மாத எம்.பி.யும் என் கைநாட்டும்

துபாய் கராமா, சனிக்கிழமை.

நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேய எம்.பி.யைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு பக்கத்தை இன்று நானே படித்து முடித்தேன். நான்கு நாள் ஆயிற்று. எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த மருமகள் செல்வி, நான் வாசிப்பதைத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் ஏழே மாதம் பதவியில் இருந்தார். ஒரு மசோதாவைப் படிக்காமலே ஆதரித்து ஓட்டுப் போட்டதற்காகக் கடைசிவரை வருந்தினாராம்.

அந்த வரியில் நின்றுவிட்டேன். ஊரில் நானும் எட்டு மாதம் வார்டு மெம்பர். எங்கள் தெருவுக்குக் குழாய் என்று சொல்லிப் பஞ்சாயத்துத் தலைவர் நீட்டிய தீர்மானத்தில் கைநாட்டு வைத்தேன். குழாய் அவர் தெருவுக்குப் போனது. யாரிடமும் சொல்லாததை இன்று செல்வியிடம் சொன்னேன்.

"படிச்ச வெள்ளைக்காரனே பாக்காம போட்டிருக்கான். உங்களுக்கென்ன மாமா?"

"அப்போ அவன் தப்புதாம்மா பெருசு," என்றேன். இருவரும் சிரித்தோம்.

சாயங்காலம் மகன் தமிழ்ச் சங்கப் படிவத்தை நீட்டினான். "யல்லா அப்பா, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க. டூட்டிக்கு நேரமாச்சு."

உட்காரச் சொன்னேன். மேலிருந்து கீழ்வரை படித்த பிறகே போட்டேன். அவனுக்கு மெட்ரோ தவறிவிட்டது. பரவாயில்லை, அடுத்தது வந்திருக்கும்.